மேடம் வந்துகினு கீறாங்க

திருமழிசை எத்திராஜ் இருபத்தேழு வருடமாக ஒரே வக்கீலிடம் குமாஸ்தா. இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம் எது என்று பூந்தமல்லி கோர்ட் வாசலில் டீ ஆற்றுகிறவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். "மேடம் வந்துகினு கீறாங்க." நீதிபதியிடம் சொல்லும்போது மட்டும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "மேடம் வந்துட்டு இருக்காங்க ஐயா" என்பார்.

இதைப் பொய் என்று யாராவது சொன்னால் எத்திராஜுக்குச் சுருக்கென்று கோபம் வரும். கொரட்டூர் வீட்டில் மேடம் செருப்பில் கால் நுழைக்கும் நிமிடத்திலிருந்து கோர்ட் படியேறும் நிமிடம்வரை அத்தனையும் வந்துகொண்டிருப்பதில்தான் சேர்த்தி என்பது அவர் வாதம். நடுவில் அம்பத்தூரில் ஒரு காதுகுத்து, ஆவடியில் ஒரு பஞ்சாயத்து என்று இறங்கி ஏறினால்தான் என்ன? முகம் பூந்தமல்லியைப் பார்த்துத்தானே இருக்கிறது. எத்திராஜ் மட்டும் வக்கீலுக்குப் படித்திருந்தால் இந்த வாதத்தை எந்தக் கோர்ட்டிலும் நிற்கவைத்திருப்பார். பத்தாவதோடு நின்றுவிட்டதால் குமாஸ்தா.

அவருடைய அப்பா துலுக்கானம் கூலிக்கு நாற்று நட்ட இடத்தில் இப்போது தொழிற்பேட்டை. குறிப்பாக அவர் நின்று நட்ட இடத்தில் பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். துலுக்கானம் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இடுப்பு வலி விட்டது என்றுதான் சொன்னார். மகன் குனியாமல் செய்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எத்திராஜ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு போன இடம் கோர்ட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற கேஸ் கட்டுகளை எடுக்க ஒரு நாளைக்கு நாற்பது தடவை குனிய வேண்டியிருந்தது. இதை அவர் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த ஆபீஸ்தான் வழக்கறிஞர் சுலோசனாவுடையது. கொரட்டூர் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள். அவர்கள் தெருவில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள். ஆரம்ப காலத்தில் மேடம் பேசினால், தங்களுக்குக் கேஸ் இல்லாத வக்கீல்கள்கூட வந்து பின்பெஞ்சில் உட்காருவார்கள். அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனி ஒரே நாளில் இருபத்திரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்காகத் தொழிலாளர் கோர்ட்டில் மேடம் மூன்று நாள் பேசினார். மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சை நிறுத்தித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இருபத்திரண்டு பேரும் மறுபடி வேலைக்குப் போனார்கள். அன்றைக்கு மேடத்தின் கவுனை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்த எத்திராஜுக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு கட்சி வந்தது. கட்சியின் மாவட்டச் செயலாளர் ஒருவர் ஒரு பொதுக்கூட்டத்தில் மைக் ஸ்டாண்டைத் தூக்கி அடித்தார் என்று ஒரு வழக்கு. அடிபட்டவர் இருந்தார், பார்த்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், ஸ்டாண்டும் இருந்தது. வாதாடினால் தோற்க வேண்டிய வழக்கு. எனவே மேடம் வாதாடவில்லை. வாய்தா வாங்கினார். பன்னிரண்டு வருடம் வாங்கினார். இதற்குள் அடிபட்டவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். முதல் சாட்சிக்குக் காது கேட்காமல் போனது, இரண்டாம் சாட்சி துபாய்க்குப் போனார், மூன்றாம் சாட்சி அதே கட்சியில் சேர்ந்து வட்டப் பொறுப்பு வாங்கிவிட்டார். ஸ்டாண்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மாவட்டச் செயலாளர் விடுதலையானார்.

மேலிடம் இந்தத் திறமையைக் கவனித்தது. மைக் ஸ்டாண்டு தூக்கியவர்கள் கட்சியில் மற்ற மாவட்டங்களிலும் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டாக மேடத்திடம் வந்து சேர்ந்தது. போன வருடம் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்ப வேண்டி வந்தபோது, மூன்று பெரிய தலைகள் ஒரு இடத்துக்கு முட்டிக்கொண்டன. யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவருக்கும் ஆகாது. மூவருடைய கேஸையும் நடத்திக்கொண்டிருந்த சுலோசனாவுக்குக் கொடுப்பதில் மூவருக்கும் ஆட்சேபணை இல்லை. இப்படித்தான் கொரட்டூர் சுலோசனா நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். வெடி வெடித்தார்கள். எத்திராஜுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும், "உதவியாளர்" என்று போட்ட நூறு கார்டுகளும் கிடைத்தன. அதில் ஒன்றை அவர் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார். மீதித் தொண்ணூற்றொன்பது இன்னும் அப்படியே இருக்கின்றன.

வேலை ஒன்றும் மாறவில்லை. முன்பு நீதிபதியிடம் சொன்னதை இப்போது வேலப்பன்சாவடி காலேஜ் ஆண்டு விழாவிலும், அம்பத்தூர் கல்யாண மண்டபத்திலும், மனுவோடு நிற்கிறவர்களிடமும் சொன்னார். மேடம் வந்துகினு கீறாங்க. ஒரே வித்தியாசம், இப்போது டெல்லியிலிருந்து.

ஆனால் அலமாரியில் நூற்று எண்பத்தாறு கட்டுகள் அப்படியே கிடந்தன. அவற்றை வேறு வக்கீல்களிடம் கொடுத்துவிடலாமே என்று எத்திராஜ் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வக்கீலின் கேஸை இன்னொருவர் எடுக்க வேண்டுமானால், புது வக்காலத்தின் ஓரத்தில் பழையவர் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பூந்தமல்லியில் எவரும் கட்டைத் தொடமாட்டார்கள். மேடம் போட மறுத்துவிட்டார். பதவி ஆறு வருடம்தான், அதற்கப்புறம் நான் எங்கே போய் உட்காருவது என்று கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் குரலில் இருந்த பயம் எத்திராஜுக்குப் புரிந்தது. அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. இத்தனைக்கும் மேடத்தின் கையெழுத்தை மேடத்தைவிட எத்திராஜ் அழகாகப் போடுவார். ஆனால் அது எம்.பி.க்குரிய சிங்கத் தலை போட்ட கடிதத்தாளுக்குப் போய்விட்ட பிறகு அவருக்குக் கை வரவில்லை.

அந்த நூற்று எண்பத்தாறில் ஒன்று வேம்புலியம்மாள் கட்டு. அதை ஆபீசுக்குக் கொண்டுவந்ததே எத்திராஜ்தான். அவருடைய தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். தொழிற்பேட்டையில் பெருக்கும் வேலை. தெருவிலிருந்து அவர் வீட்டுக்கு மூன்றடிச் சந்து ஒன்று இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் பக்கத்தில் பட்டறை வைத்த ஒருவர், அந்தச் சந்தையும் உள்ளே சேர்த்துச் சுவர் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து வேம்புலியம்மாள் பின்வீட்டுப் பூங்காவனத்தின் கொல்லை வழியாகத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். துவைக்கிற கல்லைத் தாண்டி, கோழிக்கூண்டை ஒட்டி, ஒருக்களித்து.

கேஸ் தொடங்கி ஆறாவது வருடம் அவர் புருஷன் இறந்துபோனார். பாடை அந்த மூலையில் திரும்பவில்லை. கொல்லையில் நின்று இரண்டு தடவை சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பாடையைக் கீழே வைத்து, உடம்பை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தெருவில் மறுபடி கட்டினார்கள். தூக்கியவர்களில் எத்திராஜும் ஒருவர். அந்தக் கனம் அவர் கையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த மாதம் வாய்தாவுக்குப் போய், மேடம் வந்துட்டு இருக்காங்க ஐயா என்றுதான் சொன்னார்.

வேம்புலியம்மாள் ஒரு வாய்தாவையும் விட்டதில்லை. துணிக்கடை மஞ்சள் பையில் பத்திரங்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, வராந்தாவில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவார். கோபப்பட்டதில்லை. இத்தனை வருடத்தில் அவர் கோர்ட்டுக்குள் சொன்ன ஒரே வார்த்தை "கீறேன்" என்பதுதான், பெயர் கூப்பிட்டபோது.

இந்த வருடம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. பூங்காவனம் வீட்டை ஃப்ளாட் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். ஆவணி முடிவதற்குள் சுற்றிலும் தகரம் அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வேம்புலியம்மாள் தன் வீட்டுக்குள் போக வேண்டுமானால் மேலிருந்துதான் இறங்க வேண்டும். இன்னொன்று, கோர்ட்டுக்குப் புதிதாக வந்த நீதிபதி. தெற்கத்திப் பக்கம், சின்ன வயது, குரலை உயர்த்தாத மனிதர். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கட்டுகளையெல்லாம் எடுத்து மேலே வைத்தார். வேம்புலியம்மாள் கட்டில் "வாதத்துக்குக் கடைசி வாய்ப்பு" என்று எழுதி, ஆகஸ்டில் ஒரு தேதி போட்டார். அன்று வக்கீல் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி.

அன்றைக்கு நாடாளுமன்றமும் நடந்துகொண்டிருக்கும்.

எத்திராஜ், முன்பு மேடத்திடம் ஜூனியராக இருந்து இப்போது வேலப்பன்சாவடியில் தனியாகப் போர்டு மாட்டியிருக்கும் கவிப்பிரியாவிடம் போனார். கவிப்பிரியா கட்டைப் புரட்டிவிட்டு, இதில் அரை மணி நேர வாதம்கூட இல்லையே அண்ணா, பத்திரத்தில் சந்து இருக்கிறது, தரையில் இல்லை, அவ்வளவுதானே என்றார். பிறகு, மேடம் கையெழுத்தை வாங்கிவந்தால் வருகிறேன் என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீனியரை மீறி அவரால் முடியாது.

எத்திராஜ் டெல்லிக்குப் போன் போட்டார். மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். அவைக்கு வந்த பிறகு முதல்முறையாகப் பேச மூன்று நிமிடம் கிடைத்திருக்கிறதாம். எந்தத் தேதி என்று எத்திராஜ் கேட்டார். அதே தேதிதான். கேஸைப் பற்றிச் சொன்னதும் மேடம், "வாய்தா கேளுங்க எத்திராஜ், எப்பவும் கொடுப்பாங்க. அடுத்த வாரம் நானே வந்து ஆர்க்யூ பண்றேன்" என்றார். எத்திராஜ், இந்த நீதிபதி கொடுக்கமாட்டார் மேடம் என்று இழுத்தார். அது மேடம் காதில் விழவில்லை. அவருக்கு வேறொன்று வேண்டியிருந்தது. கீழ்க்கோர்ட்டுகளில் ஏழைகளின் வழக்குகள் இழுத்தடிக்கப்படுவதைப் பற்றித்தான் பேசப்போகிறாராம். மனதில் தைக்கிற மாதிரி உண்மையான ஒரு உதாரணம் இருந்தால் அனுப்புங்கள் என்றார்.

எத்திராஜ் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். டைரிகளை எடுத்து உட்கார்ந்து, வேம்புலியம்மாள் கேஸை முதலிலிருந்து சொல்லி, வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினார். சந்து, சுவர், கோழிக்கூண்டு, பாடை, மொத்தம் தொண்ணூற்றொரு வாய்தா. இதைக் கேட்டால் மேடம் மனசு மாறி முதல் பிளேனைப் பிடித்து வந்துவிடுவார் என்று மனதார நம்பினார். இருபத்தேழு வருடம் ஒருவரிடம் வேலை பார்த்தவருக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது. மேடம் ஒரு கைகூப்பும் படத்தைப் பதிலாக அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எத்திராஜ் இரண்டு நாள் யோசித்தார்.

குறித்த நாள் காலையில் வேம்புலியம்மாள் மஞ்சள் பையோடு வந்துவிட்டார். பத்தே முக்காலுக்கு முதல் சுற்றில் பெயர் கூப்பிட்டார்கள். நீதிபதி நிமிர்ந்து, "வாதி தரப்பு வக்கீல்?" என்றார். எத்திராஜின் கை தானாகக் கழுத்துப் பொத்தானுக்குப் போனது. "மேடம் வந்துட்டு இருக்காங்க ஐயா." நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சரி, பன்னிரண்டரைக்கு மறுபடி கூப்பிடுகிறேன், அதுதான் கடைசி என்று கட்டை ஓரமாக வைத்தார்.

பன்னிரண்டே கால் இருக்கும். வராந்தாவில் ஒவ்வொரு போனாக முணுமுணுக்கத் தொடங்கியது. கட்சி ஆட்கள் அனுப்பியிருந்தார்கள். மேடம் நாடாளுமன்றத்தில் பேசுகிறார். டீக்கடைக்காரர் சத்தத்தை ஏற்றி வைத்தார். மேடம் அழகாகப் பேசினார், அந்தத் தையல் கம்பெனிப் பெண்களுக்குப் பேசினாரே, அதே குரல். என் பகுதியில் ஒரு தாய் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். மூன்றடிச் சந்து என்றார். தொண்ணூற்றொரு வாய்தா என்றார். கணவரின் உடலைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள் என்று சொன்னபோது ஒரு நொடி நிறுத்தினார். சுற்றியிருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் தட்டினார்கள்.

வேம்புலியம்மாள் எழுந்துபோய் டீக்கடைக்காரரின் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு எத்திராஜிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா பேசுறாங்க."

எத்திராஜ் தலையாட்டினார்.

"இத்த இங்க வந்து சொல்லியிருக்கலாமே நைனா."

எத்திராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கமாக இருந்தது. மேடத்துக்காக வெட்கப்படுகிறோமா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெஞ்ச் கிளார்க்கும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் பார்த்திருந்தார். நீதிபதி பார்த்தாரா என்று தெரியவில்லை. அவர் பழையபடியே, வாதி தரப்பு வக்கீல் எங்கே என்று கேட்டார். பிளேன் லேட் என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது, அதற்கு வீடியோவே சாட்சி. ஒரே ஒரு தேதி ஐயா என்று காலில் விழாத குறையாகக் கேட்கலாம். அதில் எத்திராஜ் கைதேர்ந்தவர். கை பொத்தானுக்குப் போனது. பொத்தான் காலையிலேயே போட்டாகிவிட்டது.

"மேடம் வரமாட்டாங்க ஐயா" என்றார்.

பூந்தமல்லியில் அந்த வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்கு வரமாட்டாங்களா?"

"இந்தக் கேசுக்கு வரவேமாட்டாங்க ஐயா. இந்தம்மா கீறாங்க. நீங்க அனுமதிச்சா அவங்களே பேசுவாங்க."

நீதிபதி வேம்புலியம்மாளை முன்னால் வரச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கோர்ட் அனுமதியோடு நீங்களே வாதாடலாம் அம்மா, சம்மதமா என்று கேட்டார். பழைய வக்கீல் கையெழுத்து வேண்டாமா என்று எதிர்த்தரப்பு எழுந்தது. அது நீங்களாக வைத்திருக்கிற வழக்கம், சட்டம் இல்லை என்றார் நீதிபதி, குரலை உயர்த்தாமல். எத்திராஜ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். வேம்புலியம்மாள் தன் பெயரைப் போட்டார். அதற்கு அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு மஞ்சள் பையைப் பிரித்துப் பத்திரத்தை எடுத்து வைத்தார். சந்து இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அதற்குமேல் அவர் பேசியது இவ்வளவுதான்.

"என் ஊட்டுக்காரர எந்த வழியா எடுத்துகினு போனாங்கன்னு டெல்லி வரிக்கும் தெரிஞ்சிபோச்சி சாமி. நான் செத்தா எந்த வழியா எடுக்கணும்? அத்த மட்டும் சொல்லிடுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் பேச எழுந்தார். பேசினார். ஆனால் முன்பு தையல் கம்பெனி கேஸில் பார்த்ததுபோலவே, நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். எல்லாமாகச் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். தீர்ப்புக்குப் பதினைந்து நாளில் தேதி போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் வேம்புலியம்மாள் கேட்டார்.

"நாமளே பேசலாம்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

பஸ் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிடலாமா என்று எத்திராஜ் நினைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எத்தினி வருசமா?"

"மொத நாள்லேந்து."

வேம்புலியம்மாள் மஞ்சள் பையை மடியில் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார். திருமழிசை வந்தது. இறங்கி, வழக்கம்போல் பூங்காவனம் வீட்டுக் கொல்லைப் பக்கமாக நடந்தார். அவர் ஒருக்களித்துக் கோழிக்கூண்டைத் தாண்டும்வரை எத்திராஜ் தெருவிலேயே நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தீர்ப்பு வேம்புலியம்மாளுக்குச் சாதகமாக வந்தது. சுவரை ஒரு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். பட்டறைக்காரர் மேல்முறையீடு போகவில்லை. பட்டறையை அவர் எப்போதோ ஒரகடம் பக்கம் மாற்றிவிட்டார். அவரும் பதினான்கு வருடம் தன் வக்கீலுக்காகக் காத்திருந்து அலுத்துப்போனவர்தான். நானே ஆள் அனுப்பி இடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இடிக்கிற நாளன்று காலை எட்டு மணிக்குக் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். தெருவில் நாலைந்து பேர் கூடினார்கள். எத்திராஜும் போயிருந்தார். அப்போது போன் அடித்தது. மேடத்தின் டெல்லி உதவியாளர் ஜெகன். மேடம் ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டார்களாம். டிவிக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம். நாடாளுமன்றத்தில் பேசிய கேஸ் இல்லையா, மேடம் கையால் முதல் கல்லை எடுக்க வேண்டுமாம். வரும்வரை சுவரைத் தொடவேண்டாம்.

எத்திராஜ் போனைப் பையில் போட்டுக்கொண்டு வேம்புலியம்மாளிடம் போனார். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மேடம் வந்துகினு கீறாங்கம்மா."

கடப்பாரைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். வேம்புலியம்மாளுக்கும் அந்த வாக்கியம் பழக்கம்தான். அதைக் கேட்டால் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது பதினான்கு வருடப் பழக்கம். முழங்கால் மடங்கத் தொடங்கியது. பாதியில் நிமிர்ந்துகொண்டார்.

"வரட்டும் நைனா. வந்தா இந்த வழியாவே வரட்டும்" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "நீ இடிப்பா" என்றார்.

பத்தரைக்குச் சுவர் இல்லை. மேடம் வந்து சேரும்போது மணி ஒன்றரை. சந்து மூன்றடிதான், அதில் பாதிக்குச் செங்கல் கிடந்தது. டிவிக்காரர்கள் கேமராவோடு நுழையப் பார்த்து முடியாமல் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். மேடம் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். எத்திராஜ் பின்னால் போனார். வேம்புலியம்மாள் வாசற்படியில் இடம் காட்டி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

மேடம் குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சந்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தத் தையல் கம்பெனிக் காலத்து முகம் ஒரு நிமிடம் வந்துபோனது.

"தொண்ணூத்தி ஒரு வாய்தான்னு பேசினேனே எத்திராஜ், அதுல நம்ம வாங்கினது எத்தனை?"

இந்தக் கேள்வியை மேடம் கேட்கமாட்டாரா என்றும், கேட்டுவிடக் கூடாதே என்றும் எத்திராஜ் ஒரு மாதமாக இருந்தார்.

"அம்பத்தி மூணு மேடம்."

மேடம் சொம்பைத் தூக்கித் தண்ணீரைக் குடித்தார். முழுவதையும் குடித்தார். வேம்புலியம்மாள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு, எத்திராஜைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மாதிரி இன்னும் எத்தினி பேர் கட்டு கீது உங்க கிட்ட?"

"நூத்தி எம்பத்தி அஞ்சு."

"நாமளே பேசலாம்னு அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

எத்திராஜ் மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். பிறகு, கேட்டும் கேட்காத குரலில், "சொல்லிடுங்க எத்திராஜ்" என்றார்.

மறுநாள் காலை எத்திராஜ் ஆபீசைத் திறந்து, கீழ்த்தட்டுக்குக் குனிந்து, முதல் கட்டை எடுத்தார். மேலே எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவர் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு, மேடம் எப்போது வருவார்கள் என்று கேட்டார். எத்திராஜ் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, விவரமாகச் சொல்லத் தொடங்கினார்.